வால்பாறை ஏற்றத்தில் ஒரு ஃபியூஸ்

காலை ஆறு மணிக்குச் சிங்காநல்லூரில் எங்கள் பட்டறை வாசலிலிருந்து ஜீப்பை எடுத்தேன். வால்பாறைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். என்னோடு பள்ளியில் படித்த தோழி அங்கே ஆசிரியையாக இருக்கிறாள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சி ஆறு மாதமாகியும் நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை என்று அவளுக்குக் கோபம். அதைத் தணிக்க வேண்டும். அதோடு, இந்த ஜீப் மலை ஏறுமா என்றும் பார்க்க வேண்டும்.

என் கணவர் சிவகுமார் பம்பு மோட்டார்களுக்கு உதிரி பாகங்கள் செய்கிறார். செய்ததை மினி வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஜீப் மட்டும் அவருடைய பைத்தியம். முப்பது வயதைத் தாண்டிய டீசல் வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும், சேறு சகதி எதற்கும் அசையாது. ஆனால் ஏற்றத்தைக் கண்டால் கொதித்துவிடும். போன கோடையில் ஆனைகட்டிக்குப் போகும்போது அப்படித்தான் கொதித்தது. அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். வெந்நீர் பீறிட்டு வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. காயம் ஆறிவிட்டாலும் தோல் இறுகிக் கிடக்கிறது. மலைப்பாதையில் ஸ்டியரிங்கை வளைத்து வளைத்துத் திருப்ப அந்தக் கையால் முடியாது. அதனால்தான் நான் ஓட்டினேன்.

கை ஆறியதும் அவர் செய்த முதல் வேலை பானெட்டைக் கழற்றியதுதான். பழைய ரேடியேட்டருக்குள் கூடுதல் அடுக்குள்ள செம்புக் குழாய்களை வைத்துப் பற்றவைத்தார். இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றும் ஃபேன், ஏற்றத்தில் வண்டி மெதுவாக ஊரும்போது தானும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று அதிகம் வேண்டிய நேரத்தில் குறைவாகக் கிடைக்கும். அதைக் கழற்றிவிட்டு, ஒரு காரின் மின்சார ஃபேனை மாட்டினார். சூடு ஒரு அளவைத் தாண்டினால் அதுவாகவே ஓடும். ஃபேனைச் சுற்றித் தகரத்தில் ஒரு கூடு வெட்டிப் பொருத்தினார். டேஷ்போர்டில் எனக்குத் தெரிகிற இடத்தில் சூடு காட்டும் மீட்டர்.

"பழைய ஃபேனும் கெடக்கட்டுமேங்க. கரண்டு போச்சுன்னா என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் எடம் பத்தாது அம்மணி. நான் பாத்துக்கறேன்" என்றார்.

வெள்ளலூர் வழியாக ஈச்சனாரி போய்ப் பொள்ளாச்சிச் சாலையைப் பிடித்தோம். கிணத்துக்கடவு தாண்டி ஒரு கடையில் டீ, பதினைந்து ரூபாய். அங்கேயும் அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பானெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை இருபக்கமும் தென்னந்தோப்பு. சூட்டு மீட்டரின் முள் எண்பதை விட்டு அசையவில்லை. ஆழியாறு சோதனைச் சாவடியில் வனத்துறைக்காரர் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று வண்டியைச் சோதித்தார். பின்னால் இருந்த இரண்டு பெரிய தண்ணீர்க் கேன்களைக் காட்டி, "இது எதுக்குங்க?" என்றார். "இன்ஜினுக்குங்க" என்றார் என் கணவர். வனத்துறைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாலைக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை இறக்கினார்.

அங்கிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது வளைவில் எல்லோரும் நின்று அணையைப் படம் எடுக்கிறார்கள், நாங்கள் நிற்கவில்லை. முள் தொண்ணூறைத் தொட்டதும் முன்னால் விர்ரென்று ஒரு சத்தம். ஃபேன் ஓடியது. முள் மெல்ல இறங்கியது. என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

இன்னும் சில வளைவுகள் ஏறியதும் கார்கள் வரிசையாக நின்றன. முதலில் யானை என்று நினைத்தேன். அது யானையில்லை. ஒரு வளைவில் மேலே போகும் பஸ் ஆக்ஸில் உடைந்து சாலைக்குக் குறுக்கே நின்றிருந்தது. பயணிகள் இறங்கி மேலே பாறையோரமாக நின்றிருக்கிறார்கள். பாறையில் மலைத்தேனீக் கூடு. எது கலைத்ததோ தெரியாது, கூடே எழுந்து வந்து கொட்டியிருக்கிறது. நாங்கள் போனபோது தேனீக்கள் அடங்கிவிட்டிருந்தன. பெண்கள் முந்தானையால் குழந்தைகளை மூடியபடி பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

கண்டக்டர் கார் வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தார். எங்கள் வண்டியைக் கண்டதும் நின்றார்.

"அக்கா, இது ஜீப்புதானுங்க? நாலு வீலும் இழுக்குமுங்களா?"

"இழுக்குமுங்க. என்னாச்சு?"

"ஒருத்தருக்கு முப்பது நாப்பது கொட்டு. மூச்சு உடமாட்டாம கெடக்கறாரு. இங்க டவர் இல்லீங்க. பஸ்ஸுக்கும் மலைக்கும் நடுவால ஓடை ஒண்ணு இருக்குது, காரு எதும் அதுல எறங்காது. மேல பதினஞ்சு கிலோமீட்டர்ல எஸ்டேட் ஆஸ்பத்திரி இருக்குதுங்க. எப்படியாச்சு கொண்டுபோயிருங்க."

கீழே திரும்ப வழியில்லை. எங்களுக்குப் பின்னால் அதற்குள் ஏழெட்டு வண்டிகள் சேர்ந்துவிட்டன. நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே இறங்கி, நான்கு சக்கரமும் இழுப்பதற்காக முன்சக்கரத்தில் லாக்கைத் திருகிக்கொண்டிருந்தார்.

அந்த ஓடை என்பது மழைநீர் வடிகால். முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீரும் கல்லும். லோ கியரில் போட்டு இடது சக்கரங்களை அதில் இறக்கினேன். வண்டி சாய்ந்தது. வலப்பக்கம் பஸ்ஸின் தகரம் கண்ணாடியை உரசியது. கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் தண்ணீரில் முங்கி எழுந்தது. "பிரேக்கத் தொடாத, ஒரே சீரா வா" என்று அவர் முன்னால் பின்னோக்கி நடந்தபடி கைகாட்டினார். மேலே ஏறியபோது முள் தொண்ணூற்றெட்டு.

பின்சீட்டில் ஏற்றிய மனிதரின் பெயர் செல்வராஜ். தேயிலை எஸ்டேட்டில் வேலை. முகம் முகமாக இல்லை. கண்கள் இரண்டும் வீங்கி மூடிவிட்டன, உதடு தடித்துத் தொங்கியது. அவருடைய மனைவி ஸ்டெல்லா அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் கைகளிலும் கொடுக்குகள் தைத்திருந்தன. அதை அவள் கவனிக்கவேயில்லை. செல்வராஜின் ஒவ்வொரு மூச்சும் அடைத்த குழாயில் காற்றை இழுப்பதுபோல் கேட்டது.

நான் வேகமாக ஏறினேன். இரண்டாவது கியர், வளைவுக்கு முதல் கியர். மலை மேலே போகப் போக மூடுபனி இறங்கியது. முதலில் மரங்களின் உச்சி மறைந்தது, பிறகு மரங்களே மறைந்தன. ஹெட்லைட்டைப் போட்டேன். பத்தடிக்கு மஞ்சளாக ஒரு புகை தெரிந்தது, அதில் சாலையோர வெள்ளைக்கோடு.

அப்போது ஃபேன் சத்தம் நின்றது.

"ஏனுங்க, நின்னுபோச்சுங்க" என்றேன்.

"மீட்டரப் பாரு."

நூறு. அடுத்த வளைவு திரும்புவதற்குள் நூற்று மூன்று. சூட்டு வாடை உள்ளே வந்தது. அவர் டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து ஃபியூஸைப் பிடுங்கினார். கருகியிருந்தது. கையிருப்பாக இருந்த ஒன்றைப் போட்டார். ஃபேன் ஒரு சுற்று சுற்றியது. டப் என்று அதுவும் போனது.

"நிறுத்து."

"நிறுத்தாதீங்கக்கா!" என்றாள் ஸ்டெல்லா. "இவருக்கு ஒதடெல்லாம் நீலமாவுது. கால்ல விழறேன், நிறுத்தாதீங்க!"

"நிறுத்தாம போனா ரெண்டு வளைவுல இன்ஜினே பூட்டிக்கும் கண்ணு. அப்பறம் இவரத் தூக்கிட்டுதான் நடக்கணும். ரெண்டே நிமிசம்" என்றார் அவர்.

நிறுத்தினேன். வாழ்க்கையில் நான் செய்தவற்றில் அவ்வளவு கடினமான காரியம் வேறில்லை. பின்னால் அந்த மூச்சு இழுக்கிறது, விடுகிறது. இழுக்கிறது, விடவில்லை, பிறகு விடுகிறது. ஸ்டெல்லா அவர் காதில் ஜெபம் சொல்லத் தொடங்கினாள். என் கணவர் பானெட்டைத் திறந்ததும் ஆவி எழுந்து பனியோடு கலந்தது. அவர் அந்தச் சூட்டுக்குள் கையை விட்டார். வெந்த கைதான், இடது கை எட்டாது.

"தகரந்தான்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நான் வெட்டுன கூட்டோட ஓரம். ஓடையில ஆடுன ஆட்டத்துல ஒயர அறுத்துப்போட்டுது."

தகரத்தின் கூர்மையான விளிம்பை அவர் மழுக்காமல் விட்டிருக்கிறார். ஒயரின் தோல் உரிந்து செம்பு தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அதில் டேப்பைச் சுற்றித் தகரத்திலிருந்து விலக்கிக் கட்டினார். ஆனால் போட ஃபியூஸ் இல்லை.

"ஹாரனோடத எடுத்துப் போடுங்க."

"அது சின்னது, தாங்காது. ஹெட்லைட்டுக்கு இதே அளவு இருக்குது."

நான் முன்னால் பார்த்தேன். வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. வலப்பக்கம் எங்கேயோ பள்ளம். எவ்வளவு தூரத்தில் என்பதுதான் தெரியவில்லை.

"லைட்டு இல்லாம எப்படிங்க போறது?"

"உன்னால முடியாதுன்னா சொல்லு. நான் ஓட்டறேன்."

அவருடைய கையைப் பார்த்தேன். பழைய தழும்பின் மேல் புதிதாகச் சிவந்திருந்தது. "எடுத்துப் போடுங்க" என்றேன்.

ஹெட்லைட் அணைந்தது. ஃபேன் விர்ரென்று கிளம்பியது. நாங்கள் இருவரும் அது மறுபடி டப் என்று போய்விடுமோ என்று காத்திருந்தோம். போகவில்லை. முள் நூற்று ஐந்தில் நின்று, தயங்கி, ஒரு கோடு இறங்கியது. அவர் இடது ஓரப் படியில் ஏறி நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். அந்த வெளிச்சத்தில் சாலையோர வெள்ளைக்கோடு மட்டும் தெரிந்தது. நான் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஓட்டினேன், சாலையைப் பார்த்து அல்ல. ஹாரனில் இருந்து கையை எடுக்கவேயில்லை. "வா... வா... ஒடி... இன்னும் ஒடி" என்று வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லும் அவர் குரல். ஒருமுறை எதிரே திடீரென்று ஒரு பால் வேன் முளைத்தது. இருவரும் கத்தினோம். அது எங்கள் கண்ணாடியை மடக்கிவிட்டுப் பனிக்குள் போனது.

பனி விலகித் தேயிலைச் சரிவுகள் தெரிந்தபோது முதலில் கண்ணில் பட்டது எஸ்டேட் ஆஸ்பத்திரியின் சிவப்புத் தகரக் கூரைதான். நர்ஸ் ஓடி வந்து பார்த்த ஒரே பார்வையில் ஊசியை எடுத்து செல்வராஜின் தொடையில் போட்டார். வண்டியிலிருந்து இறக்கக்கூட இல்லை. பிறகு உள்ளே கொண்டுபோய் ஆக்ஸிஜன். கால் மணி நேரம் ஜீப்பின் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தோம். இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து ஸ்டெல்லா வந்தாள். எங்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவள், என் மடியில் தலையை வைத்து அழுதாள். பிழைத்துக்கொண்டார் என்பதை அவள் அழுத விதத்திலேயே தெரிந்துகொண்டோம். அதன்பிறகுதான் நர்ஸ் அவள் கையிலிருந்த கொடுக்குகளைப் பிடுங்கினார், என் கணவரின் கைக்கும் மருந்து வைத்துக் கட்டுப்போட்டார்.

அன்று வால்பாறையில் தோழியின் வீட்டில் மீன்குழம்பு. நடந்ததைக் கேட்டதில் அவள் கோபப்படவே மறந்துவிட்டாள்.

மறுநாள் காலை இறங்கும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். செல்வராஜ் கட்டிலில் உட்கார்ந்து பன்னைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்கள் இன்னும் திறக்கவில்லை. ஸ்டெல்லா எங்கள் கைகளை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் தடவிப் பார்த்தார். என் கணவரின் கட்டுப்போட்ட கையில் நிறுத்தினார்.

"வண்டியில படுத்திருந்தப்போ ஒரு காத்துச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க" என்றார். "அது என்னோட மூச்சுன்னு நெனச்சேன். திடீர்னு நின்னுச்சு. சரி, செத்துட்டோம், இப்படித்தான் இருக்கும்போலன்னு படுத்திருந்தேன். கொஞ்ச நேரத்துல மறுபடி கேட்டுச்சு."

அது ஃபேன் என்று அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் ஏனோ மனம் வரவில்லை.

இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலையில்லை; ஃபேன் ஓடவேயில்லை. வெயிலில் நாற்பது வளைவுகளும் சாதுவாகக் கிடந்தன. உடைந்த பஸ்ஸை எடுத்துவிட்டிருந்தார்கள். பள்ளம் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதை அப்போதுதான் பார்த்தேன். வண்டியை மெதுவாக்கிவிட்டு, பார்க்காமலேயே இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சிங்காநல்லூர் சிக்னலில் நின்றோம். வெயில் தாரை உருக்கியது. நாலாபுறமும் பஸ், லாரி, ஹாரன். பட்டறைக்குப் போனதும் தகரத்தின் விளிம்பை எப்படி மடக்கி ரப்பர் வைக்கப்போகிறார் என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். முள் தொண்ணூறைத் தொட்டது. விர்ரென்று சத்தம் கேட்டதும் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டார். சிக்னல் பச்சைக்கு மாறிப் பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடிக்கும்வரை நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.