நத்தைகளுக்கு ஒரு மூலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாட்களில், திண்டுக்கல்லில் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது இது.

என் மனைவி இறந்து இரண்டாவது வருடம். அவளை அடக்கம் செய்த இடத்தைக் கல் பதிக்காமல் மண்ணாகவே விட்டு, செண்டுமல்லி நாற்று நட்டிருந்தேன். வாசலில் அவள் ஆசையாக வளர்த்த செடி அது. முதல் வருடம் நட்டதில் ஒன்றுகூடத் தங்கவில்லை. கல்லறைத் திருநாளுக்குத் திருப்பூரிலிருந்து வந்த என் மகள் வெறும் மண்ணைப் பார்த்து அழுதுவிட்டாள். "அம்மா யாருமில்லாதவ மாதிரி கெடக்கா. அடுத்த வருசமும் செடி நிக்கலைன்னா கல்லு பதிச்சிருவோம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கல் வேண்டாம். ஏன் என்று அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. செடி பிழைத்துக்கொண்டால் போதும், பேச வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

வெங்காயக் குடோனில் மூட்டை தைப்பது என் வேலை. வேலை விட்டதும் சாயங்காலம் போய்த் தண்ணீர் ஊற்றுவேன். மறுநாள் போனால் இலையெல்லாம் ஓட்டை. சில நாற்றில் தண்டு மட்டும் குச்சியாக நிற்கும். ஆடு மேய்கிறது என்று நினைத்து முள் வெட்டி வைத்தேன். பயனில்லை. ஒருநாள் தூறலில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. விரல் நீளத்தில், கறுப்பாக, முதுகில் ஓடில்லாத நத்தைகள் தண்டில் ஏறிக்கொண்டிருந்தன.

மறுநாள் கல் உப்புப் பொட்டலத்தோடு போனேன். பிரித்துக்கொண்டு குனிந்தேன். பக்கத்தில், தன் கணவருடைய கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தார்.

"என்னண்ணே, ஊறுகாயா போடப் போறீக?"

தண்டில் இருந்த நத்தையை விரலால் காட்டினேன்.

"உப்பப் போட்டா துடிச்சுல்ல சாகும்? செத்தவுகளப் பாக்க வந்த எடத்துலயுமா? மண்ணும் உப்பாயி, ஒங்க செடியும் அம்புட்டுத்தேன். போன வருசம் நான் பண்ணுன கூத்து இது. ரோசாச்செடி ரெண்டும் கருகிப்போச்சு."

சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்துவிட்டு, என் மனைவிக்கு அடுத்த கல்லறைமேல் கிடந்த பழைய மாலையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் நத்தைகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"பகல்ல இங்கன படுக்கை. ராத்திரி ஒங்க வீட்டுல விருந்து. நீங்க வேற சாயங்காலம் தண்ணிய ஊத்தி அதுக்குப் பாதை போட்டுக் குடுக்கறீக. காலைல ஊத்துங்க, பொழுது சாயறதுக்குள்ள மேல்மண்ணு காஞ்சிரும்."

அழுகிய பூவும் இலையும் அதற்குப் பிடிக்குமாம். பழைய மாலைகளைச் சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு மூலையில் குவித்து, நனைந்த சாக்கைப் போட்டு மூடினால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும் என்றார். "ஆனா அடுத்தவுக மாலையக் கேக்காமத் தொடக் கூடாதுண்ணே."

அங்கேதான் எனக்குச் சிக்கல். தெரியாதவர்களிடம் வழி கேட்கக்கூடக் கூசுகிறவன் நான்.

"நீங்களே கேட்டுச் சொல்லுங்கம்மா" என்றேன்.

"யாத்தே, பேசுவீகளா! நான் ஊமைன்னுல்ல நெனச்சேன்" என்று சிரித்தார். "ஒங்க வீட்டம்மாவுக்கு நீங்கதேன் கேக்கணும்."

அன்று முதல் வேலைக்குப் போகுமுன் போய், மழையில்லாத நாட்களில் மட்டும், வேரடியில் தண்ணீர் ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அந்த மாலை கிடந்த கல்லறைக்காரர் வந்தார். கொஞ்ச நேரம் அவர் பின்னாலேயே நின்றுவிட்டு, ஒருவழியாகக் கேட்டேன்.

"எங்கப்பா மாலைய நீ ஏன்யா எடுக்கணும்?" என்று சீறினார்.

திரும்பிவிடலாம் என்றுதான் கால் போனது. ஆனாலும் மாலைக்கு அடியில் இருந்ததைக் காட்டி, என் மொட்டைச் செடிகளையும் காட்டி, "இது என் வீட்டுக்காரிக்கு வச்சதுங்க" என்றேன். அவர் குனிந்து செடிகளைப் பார்த்தார். "தள்ளு, நானே எடுத்துப் போடறேன்" என்று மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மூலைக்கு நடந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எடுத்துப் போட்டார்கள். குடோனிலிருந்து கிழிந்த சாக்குகளை வாங்கி வந்து மூடினேன். அதன்பிறகும் செடியில் ஒன்றிரண்டு ஏறத்தான் செய்தன. இலையில் எடுத்துக் கொண்டுபோய் அந்த மூலையில் விட்டேன்.

திருநாளன்று பாதிச் செடிதான் மிஞ்சியிருந்தது. அதில் பூ இருந்தது. மகள் மண்டியிட்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, "எலையில என்னப்பா இம்புட்டு ஓட்டை?" என்று கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். உப்பு, சுண்ணாம்பு அடித்த பெண், மாலைக்காரரின் கோபம் எல்லாம் சொன்னேன். அந்த வேகத்திலேயே, "ஒங்கம்மா கை எந்நேரமும் மண்ணுலதான இருக்கும்? கல்ல வச்சு மூட எனக்கு மனசு வரலைத்தா" என்பதும் வந்துவிட்டது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா. மண்ணாவே இருக்கட்டும்."

இன்று எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பழைய மாலைகள் எல்லாம் அந்த மூலைக்குத்தான் போகின்றன. செடியைத் தின்னும் நத்தையை வெறுத்து அழிக்கப் போன என்னை, அது எங்கே தங்குகிறது, எதைத் தேடி வருகிறது என்று பார்க்கவும், அக்கம்பக்கத்தாரிடம் வாய் திறந்து கேட்கவும் அந்த மழைக்காலம்தான் பழக்கியது.