முதுகில் பத்தொன்பது எழுத்து

நான் கனடாவுக்கு வந்த புதிசில் இருந்த ரொறன்ரோ ரீமை, அந்த அணியைப் பற்றி எவனாவது நக்கலடித்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். போன மாதம் பிக்கரிங்கில் மகன் வீட்டில் ரிவியில் ஃபுட்போல் ஓடிக்கொண்டிருந்தது. கால் பந்து இல்லை. முட்டை மாதிரிப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட, எதிராளி ஆளையே சாய்த்து விழுத்துகிற அமெரிக்க விளையாட்டு. மகனின் சிநேகிதன் ஒருவன் சிரித்தான்.

"அங்கிள், நீங்கள் வந்த புதிசில ரொறன்ரோ ரீம் ஒரு சீசன் முழுக்க அடி வாங்கினதாமே? பார்க்கக் காக்கா குருவியும் போகேல்லையாமே?"

"நான் போனனான்."

"நீங்களோ? ஃபுட்போலுக்கோ?"

"ஓம், நான்தான். வாயை மூடிக்கொண்டு ரோல்ஸைச் சாப்பிடும்."

மகன் முறைத்தான். முறைக்கட்டும். அவனோடு எனக்கு அன்றைக்கு வேறொரு சண்டையும் இருந்தது. அவனுக்கு மகள் பிறந்து பத்து நாள். பிள்ளையைப் பதியும்போது எங்கள் குடும்பப் பெயரை வெட்டிச் சுருக்கப் போகிறானாம். "அப்பா, இங்கிலீசில பத்தொன்பது எழுத்து. ஒரு ரீச்சருக்கும் வாயில வராது. முதல் நாலு எழுத்துப் போதும்" என்றான். அந்தப் பத்தொன்பது எழுத்தும் என் அப்பாவின் பெயர். நான் மல்வேர்னில் இருக்கிற என் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன். வாய் திறந்திருந்தால் மருமகளுக்கு முன்னால் அசிங்கமாகப் போயிருக்கும்.

அந்தத் தோற்ற ரீமின் சட்டைகளுக்கு முதுகில் பெயர் தைத்தவன் நான். ஸ்காபரோவில் ஒரு சின்னத் தையல் பட்டறை, முதலாளி போர்த்துக்கல்காரர். வெல்கிற ரீமுக்குப் பெயரை ஒருமுறை தைத்தால் சீசன் முடியும்வரை இருக்கும். தோற்கிற ரீம் கிழமைக்குக் கிழமை ஆளை மாற்றும். திங்கட்கிழமை ஒருவனை அவிழ்ப்பேன், வியாழக்கிழமை இன்னொருவனைத் தைப்பேன். பெயரை அவிழ்க்கும்போது நெஞ்சுக்குள் ஒரு மாதிரி இருக்கும். முகம் தெரியாத மனிதன், அவனுடைய வேலை போய்விட்டது என்பது அவனுக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும்.

வழக்கமாக முதலாளி பட்டியலைப் பார்த்து, தைக்க வேண்டிய ஒரு சொல்லை மட்டும் எழுதித் தருவார். அந்தக் கிழமை அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பட்டியல் நேரே என் கைக்கு வந்தது. புது ஆள் ஒருவன்தான். இரண்டு பெயர், நடுவில் ஒரு காற்புள்ளி. எனக்கென்ன சந்தேகம்? யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு அது பால்குடி நாளிலிருந்து தெரிந்த விசயம். முன்னுக்கு வருவது தகப்பன் பெயர், பின்னுக்கு வருவது ஆளின் சொந்தப் பெயர். ஓடி விழுந்து எலும்பு முறியப் போகிறவன் மகன், தகப்பன் இல்லையே. பின்னுக்கிருந்ததை அழகாகத் தைத்து அனுப்பினேன்.

அதில் என் சொந்த வயிற்றெரிச்சலும் கலந்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லோரும் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். அதுவும் முழுசாக இல்லை, தலையை மட்டும் வெட்டி எடுத்து, நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி. என் மனுசிக்கு இன்னும் மோசம். மாமனாரின் பெயரை வாயால் சொல்லவே கூசுகிறவளை வேலையிடத்தில் அந்தப் பெயரைச் சொல்லியே ஏவினார்கள். இவனாவது சொந்தப் பெயரோடு ஓடட்டும் என்று நினைத்தேன்.

போட்டி நாள் காலையில் ஸ்ரேடியத்திலிருந்து ஃபோன் வந்தது. முதலாளி காய்ச்சலோடு எழும்பி வந்து கத்தினார். உலகத்தில் எவன் முதுகிலும் வீட்டில் கூப்பிடுகிற பெயரைத் தைப்பதில்லை, குடும்பப் பெயரைத்தான் தைப்பார்கள் என்றார். நான் விட்டேனா? "அவருடைய பேர் அதுதானே? தகப்பனோ விளையாடுறார்?" என்று என் ஓட்டை இங்கிலீசில் கேட்டேன். போய்த் திருத்து, திருத்தாவிட்டால் நாளைக்கு வராதே என்றார்.

பக்கத்து மெஷினில் இருந்த மன்னார் அக்கா எழுத்துகளையும் ஊசியையும் ஒரு பையில் போட்டுத் தந்தா. "தம்பி, உமக்கு வாய் கூட. அங்கை போய் நியாயம் பிளக்காமல், சொறி சொல்லிப்போட்டுத் தைச்சுக் குடுத்திட்டு வாரும்."

ரயிலில் போகும்போதே, மன்னிப்பு, சொறி என்று எதுவும் சொல்லுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

ஸ்ரேடியத்துக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை. அந்தப் புது ஆள் நீட்டு வாங்குப் பலகையில் இருந்தான். கறுப்பின மனிதன், கதவு அளவு தோள். ஆனால் முகத்தைப் பார்த்தால் சின்னப் பிள்ளை. கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. சட்டையை மடியில் விரித்துவைத்திருந்தான். என்னிடம் மெல்லச் சொன்னான்: அப்பா அமெரிக்காவின் தெற்கிலிருந்து இரண்டு நாள் பஸ்ஸில் வந்திருக்கிறார். தான் விளையாடுவதை அவர் இதுவரை பார்த்ததில்லை. மேலே வந்து இருந்துவிட்டார். இந்தச் சட்டையில் அவர் தேடப்போவது அவருடைய பெயரை.

நான் ஒரு தகப்பனின் பெயரைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். என் அப்பா அப்போது ஊரில் இருந்தார். யுத்தம் நடந்த காலம். பாதை பூட்டு, கடிதம் வர மூன்று மாதம். அவருடைய பெயரை இந்தத் தேசத்தில் யாராவது சொன்னால் எனக்கு எரிந்ததே, அந்தப் பெயரைத் தவிர அவருடையது என்று என்னிடம் வேறென்ன இருந்தது?

"சொறி" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது.

மெஷின் இல்லை, கை ஊசிதான். ஒரு மணித்தியாலம் இருந்தது. பழைய எழுத்துகளை அவிழ்த்து, புதிய ஒன்பது எழுத்துகளையும் ஒவ்வொன்றாகக் குத்திக் குத்தித் தைத்தேன். எட்டாவது எழுத்தில் வெளியே வரச் சொல்லி விசில் ஊதினார்கள். தோள் கவசத்துக்கு மேலே அந்தச் சட்டையை இழுத்து மாட்ட இரண்டு பேர் வேண்டும், மாட்டிவிட்டார்கள். கடைசி எழுத்தை அவன் முதுகிலேயே வைத்துத் தைத்தேன். உடம்பில் போட்டபடி தைத்தால் தரித்திரம் பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் அடி விழும். தோற்றுத் தோற்றுத் தேய்ந்துபோன ரீமுக்கு இனிமேல் என்ன தரித்திரம் வந்து பிடிக்கப்போகிறது என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

மைதான வாசல் வரைக்கும் பின்னாலேயே போனேன், யாரும் தடுக்கவில்லை. அரைவாசிக்கு மேல் கதிரைகள் வெறுமை. முன்வரிசைகளில் கோட்டும் தொப்பியுமாக, கோயிலுக்கு வெளிக்கிட்ட மாதிரி, ஒரு வயசாளி தனியே இருந்தார். மகன் கையைக் காட்டவில்லை, சிரிக்கவுமில்லை. நடந்துபோய் அவருக்கு நேரே முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். அப்படியே நின்றான். அந்த மனிதர் எழும்பித் தொப்பியைக் கழற்றினார். நான் விம்மி விம்மி அழுதேன். அதற்கென்ன, அழுதேன்தான்.

ரீம் அன்றைக்கும் தோற்றது. நல்லாகவே தோற்றது. இரண்டு கிழமையில் அவனையும் அனுப்பிவிட்டார்கள். முதலாளி வழக்கம்போல எழுத்துகளை அவிழ்த்து எடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். எழுத்துகள் தைத்திருந்த துணிப் பட்டியை முழுசாகவே வெட்டி எடுத்து, அவனுடைய வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ரீம்காரரிடம் கொடுத்தேன். பிறகு பெட்டியில் எழுத்துகளைப் பொறுக்கி, என் வேலைச் சட்டையின் முதுகில் அப்பாவின் பெயரைத் தைத்தேன். பத்தொன்பது எழுத்தும். ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்குப் போனது. சுருக்கினால் என்ன என்று முதலாளி கேட்டார். வாசிக்கப் பழகுங்கோ என்றேன். கடைசியில் அவரும் பழகினார். அப்பா அதைப் பார்க்கவில்லை. பாதை திறக்கும் முன்னமே போய்விட்டார்.

அந்தச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு பிக்கரிங் போனேன். மேசையில் விரித்து, தையல் அவிழ்க்கும் கொக்கியைப் பக்கத்தில் வைத்தேன்.

"இதென்னப்பா?"

"உன்ரை அப்பப்பா. வெட்டப்போறாய் எண்டனியே, முதல் இதை அவிழ். பதினைஞ்சு எழுத்தை அவிழ்த்திட்டு மிச்சம் நாலைப் பிள்ளைக்கு வை."

சவால் விட்டால் அவனும் என் பிள்ளைதானே, இருந்தான். ஒரு எழுத்தின் ஓரத்தைக் கொக்கியால் குத்தினான், இழுத்தான், கையில் குத்திக்கொண்டான். கால் மணித்தியாலத்தில் ஒரு மூலைகூட வரவில்லை.

"எப்பிடியப்பா உவ்வளவு இறுக்கமாத் தைச்சனீங்கள்?"

"அவிழ்க்கிறதுக்கோ தைச்சனான்?"

அப்போதுதான் அந்தத் தொப்பிக்காரரின் கதையை அவனுக்குச் சொன்னேன். அவன் விரலைச் சூப்பிக்கொண்டு மடிக்கணினியில் பிள்ளையின் பதிவுப் படிவத்தைத் திறந்தான். நீண்ட நேரம் தட்டினான். பிறகு என் பக்கம் திருப்பினான்.

"பாருங்கோ. சரியோ?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பதினெட்டு.

"ஒண்டை விட்டிட்டாய்" என்றேன். "போடு."