முன்சில்லுக்குள் மாட்டிய காப்பு

எனக்குக் கார் விற்றவர் நல்ல மனிதர். அதன் சில்லுகளை ஒரு நாளும் கழுவியதில்லை என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். வெளிப்பக்கம் பரவாயில்லை. அலோய்க் கம்பிகளுக்கு இடையால் எட்டிப் பார்த்தால், உள்வளையம் அடுப்புச் சட்டியின் அடிபோல இருக்கும். பிரேக்கில் உதிர்ந்த தூசி, அதன் மேல் எங்கள் ஊர்ச் செம்பாட்டு மண், அதன் மேல் தார், பிறகு மறுபடியும் தூசி. சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தேன். ஊத்தை குளித்துவிட்டு இன்னும் மினுக்கமாக நின்றது.

முதலில் மண்ணெண்ணெய் பூசி ஊறவிட வேண்டும், பிறகு பழப்புளியைத் தேங்காய்த் தும்பில் தொட்டுத் தேய்க்க வேண்டும் என்று நானாகவே கண்டுபிடித்தேன். பழப்புளி, மனைவி குத்துவிளக்கு மினுக்க வைத்திருந்தது. ஒரு நாளைக்கு ஒரு சில்லு என்று மூன்றை முடித்துவிட்டேன். நாலாவது, இடது முன்சில்லு.

சில்லைக் கழற்றிக் கழுவ வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஜாக்கைக் கண்டாலே என்னுடைய இடுப்பு முறைப்பாடு வைக்கத் தொடங்கிவிடும். ஆகவே காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கம்பிகளுக்கு இடையால் வலக்கையை முழங்கைவரை விட்டுத் தேய்ப்பதுதான் என் முறை.

அந்தக் கையில் காப்பு இருந்தது. கேதாரகௌரி விரதம் முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மனைவி இருபத்தொரு நாளும் ஒரு நேரச் சாப்பாட்டோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படிப்பித்துவிட்டு வந்தாள். கடைசி நாள் ஐயர் அவளுக்கு இடக்கையிலும் எனக்கு வலக்கையிலும் அந்தக் காப்பு நூலைக் கட்டிவிட்டார். அடுத்த விரதம் வரைக்கும் அது கையில் இருக்க வேண்டும். இந்த வருடம் அவள் விரதத்தைக் கொஞ்சம் கடுமையாகவே பிடித்தாள். ஆவணியில் எனக்கு நெஞ்சு இறுக்கி, இரண்டு நாள் ஆசுப்பத்திரியில் கிடந்தேன். வாய்வு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அவள் நம்பவில்லை.

கையை வெளியே எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

சில்லு ஆடாமல் ஓட உள்ளே ஒரு ஈயத்துண்டு ஒட்டியிருப்பார்கள். அதன் ஒரு முனை கிளம்பித் தூண்டில்போல நின்றிருக்கிறது. காப்பு அதற்குள் போய் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். நூல் மணிக்கட்டை இறுக்கியது. இன்னும் பலமாக இழுத்தேன். இன்னும் இறுகியது. மற்றக் கையை விட இடமில்லை. ஈயத்தைப் பிடுங்கவும் முடியாது. அது ஊத்தைக்குள் சீமெந்து பூசியதுபோல் பதிந்திருந்தது.

அப்போதுதான் கைப்பிரேக் போட்டேனா என்ற யோசனை வந்தது. கார் உருண்டால் சில்லு சுற்றும். சில்லு சுற்றினால் கையும் சுற்றும். வியர்த்துக் கொட்டியது. அந்தக் கார் திறப்புப் போட்டு முறுக்கினாலே மூன்றுதரம் யோசிக்கும். முற்றமோ தட்டைப் பாறை. ஆனாலும் நான் இடது காலை நீட்டிப் அதே சில்லுக்கு முன்னால் அண்டை கொடுத்தேன். ஒரு கை சில்லுக்குள், ஒரு கால் சில்லுக்கடியில். நெஞ்சும் இறுக்குவது மாதிரி இருந்தது. செத்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்துப் பார்த்தேன். கார் ஓடாமலே அடித்துச் செத்த முதலாவது ஆள் நான்தான்.

பொனற்றின் மேல் வைத்த போன் அடித்தது. பள்ளிக்கூட இடைவேளை. மனைவிதான். மற்றக் கைக்கு எட்டவில்லை. அடித்து ஓய்ந்தது.

கேற்றடியில் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்டது. குருநகர்க்காரர், நாற்பது வயதிருக்கும்.

"தம்பி, ஒருக்கால் உள்ளை வாரும்," என்றேன், அவசரமே இல்லாத குரலில்.

வந்தவர் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன அண்ணை, காருக்கு நாடி பிடிச்சுப் பாக்கிறியளோ?"

"கை மாட்டிப்போட்டுது."

குனிந்து பார்த்தார். "உது நூல்தானே. பொறுங்கோ." போய் மீன் வெட்டுகிற கத்தியோடு வந்தார். அதில் சூரை மீனின் இரத்தம் காயவில்லை.

"வேண்டாம், வேண்டாம். அது கௌரி காப்பு."

"ஓ. உந்த விரதத்தாலை மூண்டு கிழமை இந்த ஒழுங்கையிலை ஒரு மீன் விக்கேல்லை அண்ணை."

"அந்தக் கோவத்தை என்ரை கையிலை காட்டாதையும்."

"கத்தியைக் கழுவிப்போட்டு வெட்டட்டோ?"

நான் பெரிய பக்தன் இல்லை. பூசை நடக்கும்போது கோயிலுக்கு வெளியே கச்சான் கடலைக் கடைப் பக்கம் நிற்கிற ஆள். வெட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். விரத நாட்களில் அவள் பின்னேரங்களில் தலைச்சுற்றோடு குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. "வெட்டாதையும்," என்றேன். இந்தமுறை பகிடி வரவில்லை.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் குந்தினார்.

"எவ்வளவு நேரமா இழுக்கிறியள்?"

"அரை மணித்தியாலம் இருக்கும்."

"உள்ளுக்குத் தள்ளிப் பாத்தியளோ?"

நான் மறுபடியும் ஒருதரம் இழுத்துப் பார்த்தேன்.

"தூண்டில் முள்ளை ஆரும் இழுத்துக் கழட்டுவினமே? வந்த வழியாலை திருப்பி விடவேணும்." என் முழங்கையைப் பிடித்து மெல்ல உள்ளே தள்ளினார். நூல் தளர்ந்தது. கொஞ்சம் திருப்பினார். கை வெளியே வந்தது. அரை மணித்தியாலத்தில் நான் ஒரு தரமும் நினைக்காத திசை.

காப்பு அறவில்லை. ஆனால் கரிக்கயிறு மாதிரி இருந்தது. சில்லுக்குச் செய்த வைத்தியத்தை அப்படியே அதற்கும் செய்தேன்: மண்ணெண்ணெய், பழப்புளி, சவர்க்காரம், பழைய பல்லுப் பிறஸ். நன்றிக்கு வாங்கிய சூரை குசினியில் கிடந்தது.

இரண்டரைக்கு மனைவி வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரவேற்றேன். கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடத்தில் நான் வாசலுக்கு வந்து வரவேற்றது அன்றைக்குத்தான். அவள் நேரே கையைப் பிடித்து இழுத்து மணந்து பார்த்தாள்.

"மண்ணெண்ணெய், புளி, மீன். காப்பைக் கறி வைச்சனீங்களோ?"

நடந்ததைச் சொன்னேன். மீன்கத்தியையும் விடவில்லை. அவள் மணிக்கட்டில் இருந்த சிவந்த தடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"வெட்டியிருக்கலாமே. கை போனால் காப்பை எங்கை கட்டுறது?"

"நீ கோவிப்பாய் எண்டு பயந்திட்டன்."

"போன் எடுக்காததுக்குத்தான் கோவம். நெஞ்சு இறுக்கிப்போட்டுதோ எண்டு பயந்துபோனன்."

இறுக்கியதை நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை. காரை இப்போது இடது பக்கம் மதிலோடு ஒட்டித்தான் நிறுத்துகிறேன். நாலாவது சில்லு பாதி கறுப்பாகவே இருக்கிறது.