சொல்லாமல் கிளம்பிய நாள்

உடற்கூறு அறைக்குள் முதன்முதலாகப் போன அன்று என் மேசைத் தோழி அழுதாள். மலாய்க்காரப் பெண். துணியை விலக்கியதும் வாய்க்குள் எதையோ ஓதினாள், பிறகு வெளியே ஓடிவிட்டாள். எனக்குப் பசித்தது.

உண்மையாகவே பசித்தது. ஃபார்மலின் வாடை சிலருக்குப் பசியைக் கிளப்பும் என்று மூத்த மாணவர்கள் பிறகு சொன்னார்கள். அன்று அது தெரியாது. கண்ணெதிரே ஒரு வயதானவர் உயிரில்லாமல் கிடக்கிறார். நானோ கேண்டீனில் நாசி லெமாக் சோறு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்படுகிறேன். என்ன ஜென்மம் இது என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது. இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரி டாக்டராகி யாருக்கு என்ன செய்யப் போகிறாள்? படிப்பை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அவர் தன் உடலைத் தானே விரும்பிக் கொடுத்தவர். அதற்குமேல் அவரைப் பற்றிக் கல்லூரியில் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து துணியைப் போர்த்திவிட்டுக் கிளம்பும்போதெல்லாம், "போயிட்டு வரேங்க" என்று அவரிடம் சொல்வேன். பெரியவர்கள் இருக்கும் இடத்திலிருந்து சொல்லாமல் கிளம்பிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். தோழி முதலில் முறைத்தாள். பிறகு அவளும் "பாய் அங்கிள்" என்று சேர்ந்துகொண்டாள்.

முதல் வார இறுதியில், கல்லூரி இருக்கும் ஸ்கூடாயிலிருந்து ரெங்கத்தில் இருக்கும் வீட்டுக்குப் போனேன். கார் போர்ச்சில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் காத்திருந்தது. பக்கத்தில் அம்மா.

"தலையோட ஊத்திக்கிட்டு உள்ள வா."

"காலையிலயே குளிச்சிட்டேன்மா."

"அது வேற, இது வேற லா."

ஊற்றிக்கொண்டேன். சாப்பிடும்போது, மேசையில் கிடக்கும் பெரியவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவதைப் பற்றிச் சும்மா இருக்க மாட்டாமல் உளறிவிட்டேன். அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"சாவு வீட்ல யாராச்சும் போயிட்டு வரேன்னு சொல்வாங்களாடி? சொல்லாம கொள்ளாமதானே வருவோம்!"

"திங்கக்கிழம மறுபடியும் போகணுமேம்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப அது சாவு வீடா, இல்லையா?" என்று என்னையே கேட்டார்.

எனக்கென்ன தெரியும்? சாவு வீடென்றால் அழ வேண்டும். வகுப்பென்றால் அழக் கூடாது. நான் இரண்டுக்கும் நடுவில் பேனாவும் கத்தியுமாக நின்றுகொண்டிருந்தேன். மாதங்கள் ஓடின. அவருடைய மணிக்கட்டுத் தசைநாண்கள் எனக்கு என் சொந்தக் கையைவிட நன்றாகத் தெரிந்தன. அவர் என்ன வேலை பார்த்தார், யாரைத் திட்டினார், எதற்குச் சிரித்தார், எதுவும் தெரியவில்லை. அழுகை வரவேயில்லை. பசி மட்டும் ஒழுங்காக வந்தது.

கடைசி வகுப்பு முடிந்தது. மறுநாள் அவரைக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னார்கள். துணியை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டேன். வாய் பழக்கத்தில் "போயிட்டு" என்று ஆரம்பித்துவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. இனி எந்தத் திங்கட்கிழமையும் இல்லை.

"கெனாபா?" என்று தோழி மலாயில் கேட்டாள். என்ன ஆயிற்று என்று எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு? எனக்குள் இருந்தது துக்கமா, ஒருவழியாக முடிந்ததே என்ற நிம்மதியா, பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. முகத்தையும் மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன். கேண்டீனைத் தாண்டித்தான் நடந்தேன். பசிக்கவில்லை.

அன்று மாலையே ரெங்கத்துக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், அம்மா வாளி வைப்பதை எப்போதோ விட்டிருந்தார். போர்ச் குழாயைத் திறந்து நானே வாளியை நிரப்பினேன். சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தார்.

"ஏண்டி, இன்னிக்கு என்ன புதுசா?"

"இன்னிக்கு சாவு வீடும்மா" என்று சொல்லிவிட்டுத் தலையில் ஊற்றிக்கொண்டேன்.