கடைசியில் வருகிறவனே சொல்ல வேண்டும்

கருவடிக்குப்பத்துத் தணிகாசலத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் உயிர். அதே ஞாயிற்றுக்கிழமையின் சாயங்காலம் என்றால் வயிறு எரியும். இரண்டுக்கும் காரணம் சைக்கிள்தான்.

வாரநாட்களில் அவன் முதலியார்பேட்டை ஆலை ஒன்றில் ஃபிட்டர். ஊரில் அப்பா விட்டுப்போன மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையை அண்ணன் பார்த்துக்கொண்டான். புதுச்சேரியில் கொடி மாறி வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய சமயத்தில், கப்பலேறிய எழுத்தர் ஒருவர் தன் பிரெஞ்சு சைக்கிளை இவனிடம் விற்றுவிட்டுப் போனார். மெல்லிய டயர், வளைந்த கைப்பிடி, குதிரைக்குட்டி மாதிரி ஒரு அவசரம். அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் மெதுவாகப் போவது என்பது அவனுக்கும் வராது, அதற்கும் வராது.

அவனைப் போல ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஞாயிறுதோறும் கிளம்புவார்கள். மணிக்கூண்டடியில் கூடி, ஒரு வாரம் வில்லியனூர்ப் பக்கம், ஒரு வாரம் பாகூர் ஏரிக்கரை, ஒரு வாரம் வடக்கே கனகசெட்டிக்குளம் என்று போய் வருவார்கள். வேலையில்லாத வேலை என்று வீட்டுப் பெண்கள் திட்டுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. திரும்பி வந்தபின் கடற்கரையில், கடலுக்குள் இடிந்து நிற்கும் பழைய கப்பல் பாலத்துக்கு எதிரே உட்கார்ந்து, அன்றைய சவாரியை ஒருவர் கதையாகச் சொல்ல வேண்டும். அதுதான் தணிகாசலத்தின் தலைவலி.

யார் சொல்வது என்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. கடைசியில் வருகிறவனே சொல்ல வேண்டும். முன்னால் போகிறவனுக்கு ரோடு மட்டும்தான் தெரியும், பின்னால் வருகிறவனுக்குத்தான் எல்லாருடைய முதுகும் தெரியும் என்பது அதற்குச் சொன்ன நியாயம். சொல்லும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. பேசினால் கூட்டத்துக்கு மல்லாட்டை வாங்கித் தர வேண்டும்.

ஒவ்வொரு வாரமும் கடைசியில் வருகிறவர் கோவிந்தராசு. முத்தியால்பேட்டைத் தையற்காரர், நாற்பதைத் தாண்டியவர். வழியில் இருக்கிற இட்லிக்கடை எதையும் கும்பிடாமல் தாண்ட மாட்டார். துணியைக் கையிறுக்கமாக வெட்டுவார், பேச்சை மட்டும் தாராளமாக விடுவார். முன்னால் என்ன நடந்தது என்று அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் அவரே தைத்துக்கொள்வார். முதலில் போகிறவன் தணிகாசலம் என்பதால், கதாநாயகனும் அவன்தான்.

பாகூரில் எருமை துரத்தி அவன் பனைமரம் ஏறினான். வில்லியனூர்த் தேர்முட்டியில் குருக்கள்மீது மோதி அவரோடு சேர்ந்து குளத்தில் விழுந்தான். இதில் எதுவும் நிஜத்தில் நடக்கவில்லை. ஆனால் காற்று வாங்க வந்த ஜனமெல்லாம் கூடிநின்று கேட்டது. மறுநாள் ஆலை வாசலில், “எருமை சௌக்கியமா?” என்று விசாரித்தது. குறுக்கே பேசிப் பேசி அவன் வாங்கித் தந்த மல்லாட்டை ஒரு கொல்லை விளைச்சல் இருக்கும். சட்டத்தை மாற்றலாமே என்று கேட்டுப் பார்த்தான். மல்லாட்டை தின்றுகொண்டே எல்லாரும் ஒருமனதாகத் தள்ளிவிட்டார்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசிமகம் முடிந்த வாரத்தில் விவகாரம் முற்றிவிட்டது.

அவனுக்கு முதலியார்பேட்டையில் பெண் பேசியிருந்தார்கள். பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் பஞ்சநாதனின் மகள் அஞ்சலாட்சி. தூரத்து உறவு. பங்குனியில் தாம்பூலம் மாற்றுவதாக இருந்தது. ஒருநாள் அவன் ஷிப்டு முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா பார்வதி முறத்தைக் கையில் பிடித்தபடி வாசலை மறித்தாள்.

“ஏன்டா, கனகசெட்டிக்குளத்துல ஒனக்கு ஒரு குடும்பம் இருக்குதாமே?”

“எனக்கா?”

“பின்ன எனக்கா? மார்க்கெட்டு பூரா பேசறாங்களாம். மீன்காரி பொண்ணாம். பஞ்சநாதன் அண்ணன் ஆள் அனுப்பி, தாம்பூலத்த நிறுத்தி வையுங்கன்னுட்டாரு.”

தணிகாசலம் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். போன ஞாயிறு கனகசெட்டிக்குளத்தில் அங்கம்மாள் என்கிற மீன்காரம்மா வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தான். நடந்தது அவ்வளவே. கோவிந்தராசு கடற்கரையில் சொன்னதோ வேறு. ரோட்டில் காய்ந்த கருவாட்டின்மேல் இவன் சைக்கிளை விட்டானாம். அங்கம்மாள் துடுப்போடு வந்து, “கருவாட்டுக்குப் பதில் சொல்லு, இல்லாட்டி எம் பொண்ணக் கட்டு” என்றாளாம். இவன் சைக்கிளைப் பார்த்தானாம், பெண்ணைப் பார்த்தானாம், கட்டுகிறேன் என்றானாம். முதலியார்பேட்டை போய்ச் சேர்வதற்குள் அது குழந்தை குட்டியோடு பெருகிவிட்டது.

அன்றே அவன் பஞ்சநாதனின் கடைக்கு ஓடினான். அவர் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

“ஒன்னக் கேட்டா இல்லம்ப. அந்தத் தையக்காரனக் கேட்டா ஆமாம்பான். எம் பொண்ணு சொல்லிப்புட்டா, ‘ஊர் பேச்ச நம்பாதப்பா, நீயே போய்க் கேட்டுட்டு வா’ன்னு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் பீச்சுக்கு வர்றேன். பத்துப் பேர் முன்னால என்னா சொல்றாங்கன்னு பாக்குறேன். அப்புறம்தான் தாம்பூலம்.”

“மாமா, அங்க சொல்றது எல்லாமே பொய்யி மாமா.”

“அப்ப நீ உண்மையச் சொல்லு.”

“என்னால சொல்ல முடியாது மாமா. நான் மொதல்ல வர்ற ஆளு.”

பஞ்சநாதன் கத்தரிக்காயை விட்டுவிட்டு அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பெண் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் விசாரித்தோம், புத்தியை விசாரிக்கவில்லையே என்று நினைத்திருக்க வேண்டும்.

வழி ஒன்றுதான் இருந்தது. இந்த ஞாயிறு அவன் கடைசியில் வர வேண்டும்.

கருக்கலில் கிளம்பினார்கள். பனி இன்னும் விலகவில்லை. காலாப்பட்டைத் தாண்டியதும் முந்திரித் தோப்பெல்லாம் பூத்து, அந்த வாசனை ரோட்டின்மேல் படுத்திருந்தது. எத்தனை ஞாயிறுகள் இதற்காகவே அவன் எழுந்திருக்கிறான்! இன்றைக்கு மூக்கு இருந்ததாகவே அவனுக்கு நினைவில்லை. எப்படிப் பின்தங்குவது என்ற யோசனையிலேயே மிதித்து, பழக்கதோஷத்தில் கனகசெட்டிக்குளத்துக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தான்.

அங்கம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“வாய்யா மருமவனே! கருவாட்டுக் கூடையத் தூக்கிக்கினு டவுனுக்குப் போவ முடியல. ‘ஒம் மாப்ள வரலியா’ன்னு கேக்குறானுங்க. எவன்யா அவன், எனக்குத் தெரியாம எனக்குப் பொண்ணு பெத்தவன்?”

“பின்னால வர்றாரு அத்தை. நீங்களே கேளுங்க.”

கோவிந்தராசு வெகுநேரம் கழித்து வந்தார். அங்கம்மாள் கேட்ட கேள்வியெல்லாம் அச்சில் வராது. அவரோ அவள் கருவாட்டுக் குழம்பைப் புகழ்ந்து, இரண்டாம் தரம் சோறு போட வைத்து, ஏப்பம் விட்டார்.

வெயில் சாய்ந்ததும் மற்றவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். தணிகாசலம் சைக்கிளைத் தொடவில்லை. கோவிந்தராசுவும் தொடவில்லை.

“கெளம்பு தம்பி.”

“நீங்க முன்ன போங்கண்ணே.”

“என்னாடா புதுசா இருக்குது?” அவருக்கு உடனே விளங்கிவிட்டது. முகம் மலர்ந்தது. “ஓகோ! கத சொல்லணுமா? சரி, முடிஞ்சா சொல்லு. ஆனா எறங்கி உக்காந்தா அது சவாரியில்ல. கால் தரையில படக் கூடாது. மிதிச்சிக்கினேதான் வரணும்.”

“ஒங்க சட்டத்துக்கு ஒரு முடிவே இல்லியா?”

“நானா போட்டேன்? ரோடு போட்ட சட்டம்டா அது.”

ஆரம்பித்தது போட்டி. பொங்கல் விளையாட்டில் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இவர்கள் கனகசெட்டிக்குளத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் ஓட்டினார்கள். கோவிந்தராசுவின் கனத்த சைக்கிள் சேற்றில் நின்ற எருமை போல ஆடாமல் நகர்ந்தது. பிரெஞ்சு சைக்கிள் அடிக்கொருதரம் படுக்கப் பார்த்தது. எதிரே சோழகக் காற்று வேறு. கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பித் தணிகாசலத்துக்குத் தோள் கழன்றது. கட்டைவண்டி ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. அப்புறம் ஓர் ஆட்டு மந்தை. மந்தையின் நொண்டி ஆடும் தாண்டிப் போனது.

“அண்ணே, என் கல்யாணம்ணே. ஒரு வாரம் விட்டுக் குடுங்க.”

“அதுக்குத்தாண்டா நான் சொல்லணும்ங்கறேன். ஒன் மாமனாரு முன்னால ஒன்னத் தூக்கி வெச்சிப் பேசுவேன்.”

“தூக்க வேணாம்ணே. கீழ போடாம இருந்தா போதும்.”

“தண்ணி குடிச்சான், வந்தான்னு சொன்னா எவன்டா உக்காந்து கேப்பான்? கூட்டம் எழுந்து போயிடும்.”

“போவட்டும்ணே! போவட்டும்!”

இப்படியே சண்டை போட்டுக்கொண்டு, ரோட்டின் அகலம் முழுவதும் நெளிந்து நெளிந்து, அவர்கள் கோட்டக்குப்பத்துக்கு வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. காலாப்பட்டு புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கே சாராயக்கடை உண்டு. கோட்டக்குப்பம் மதராஸ் ராஜ்யம், அங்கே மதுவிலக்கு. சாராயக்கடைப் பக்கத்திலிருந்து இரண்டு ஆண்பிள்ளைகள் பாம்பு போல சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தால் மதராஸ் போலீஸ் ஏட்டு என்ன நினைப்பார்?

“எறங்குய்யா ரெண்டு பேரும். ஊது.”

“ஏட்டய்யா, நாங்க குடிக்கல.”

“குடிச்சவன் எவன் குடிச்சேன்னான்? ஊது.”

ஊதினார்கள். ஏட்டு முகத்தைச் சுளித்தார். “கருவாட்டு வாடை. சாராய வாடைய மறைக்கத் தின்னீங்களா?”

“இல்லீங்க, பசிக்குத் தின்னோம்” என்றார் கோவிந்தராசு.

“அப்ப ஏன்யா நெட்டா வராம இப்பிடி ஆடிக்கினு வர்றீங்க?”

“யாரு கடைசியா போறதுன்னு போட்டிங்க.”

இதைக் கேட்டதும் ஏட்டுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்துவிட்டது. குடிதான். அதோடு கடத்தலும் இருக்கும். டியூபில் சாராயம் ஊற்றிக் கொண்டுபோகிற ஆசாமிகளை அவர் பார்த்திருக்கிறார். பிரெஞ்சு சைக்கிளின் முன்சக்கரத்து வால்வைத் திறந்துவிட்டார். புஸ்ஸென்று காற்று போயிற்று. குனிந்து மோந்து பார்த்தார். காற்று வெறும் காற்றாகவே இருந்தது.

தணிகாசலத்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சைக்கிளை ரோட்டில் கிடத்திவிட்டுக் கத்த ஆரம்பித்தான்.

“நல்லா மோந்து பாருங்க ஏட்டய்யா! பின்சக்கரத்தையும் பாருங்க! நான் ஒரு சொம்புத் தண்ணி குடிச்சேங்க. வெறும் தண்ணி! அதுக்கு இந்த மனுஷன் எனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிட்டாரு. கருவாட்டு மேல நான் சைக்கிள் விடல. அந்தம்மா துடுப்பு எடுக்கல. அந்தம்மாவுக்குப் பொண்ணே கெடையாதுங்க! மூணும் ஆம்பளப் புள்ளைங்க! எருமையும் கெடையாது, குருக்களும் கெடையாது! நான் ஏழு வருஷமா ஆலைக்குப் போறேன், வர்றேன், ஞாயித்துக்கெழம சைக்கிள் மிதிக்கிறேன். எனக்கு ஒண்ணுமே நடந்ததில்லீங்க! அத ஒரே ஒரு தரம், அந்தப் பொண்ணோட அப்பா காதுல விழற மாதிரி சொல்லணும். அதுக்குத்தான் ஏழு கல்லு தூரத்த பொழுது எறங்கற வரைக்கும் ஓட்டினேன்!”

“மூணும் ஆம்பளையா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பஞ்சநாதன் தம் பழைய சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கடற்கரையில் காத்துக் காத்துப் பார்த்து, மற்றவர்களிடம் வழி கேட்டுக்கொண்டு தேடி வந்தவர். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. மாப்பிள்ளையாக வரவேண்டியவன் நடுரோட்டில் போலீஸ்காரர் முன் வாயை ஊதியதைப் பார்த்தாரா என்பதும் தெரியவில்லை. தணிகாசலம் தலையை மட்டும் ஆட்டினான்.

பஞ்சநாதன் கோவிந்தராசுவைப் பார்த்தார். தையற்காரர் முதல்முறையாகச் சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டு, “ஆமாங்க, மூணும் பசங்கதான்” என்றார்.

ஏட்டுக்கு எல்லாம் சலித்துப்போய்விட்டது. “குடிச்சவனாவது ஒழுங்கா பதில் சொல்றான். போங்கய்யா” என்றார்.

தணிகாசலம் ரோட்டோரத்துச் சைக்கிள் கடையில் பம்பு வாங்கிக் காற்றடித்தான். அது முடியும்வரை பஞ்சநாதன் நின்றார். பிறகு, “ரெண்டு பேரும் முன்ன போங்க. என் கண்ணுக்கு எதுர போங்க” என்றார். பெரியவர் சொல்லும்போது நீங்கள்தான் முன்னே போகவேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? கோவிந்தராசு வாழ்க்கையில் முதல்தடவையாக வேகமாக மிதித்தார்.

கடற்கரையில் கூட்டம் கலையாமல் இருந்தது. வெளிச்சவீட்டு விளக்கு ஏற்றியாகிவிட்டது. மூவரும் இறங்கியதும் ஒருவன் கேட்டான்: “யார் கடைசி?”

எல்லார் கண்ணும் பஞ்சநாதன்மேல் போயிற்று.

“அவரு சங்கத்துல இல்லியே!” என்றார் கோவிந்தராசு பதறி.

“சைக்கிள்ல வந்தாரா? கடைசியா வந்தாரா? ஒக்காருங்க பெரியவரே. நீங்கதான் சொல்லணும்.”

பஞ்சநாதன் கூச்சத்தோடு மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். யாரோ கையில் மல்லாட்டையைத் திணித்தார்கள். இரண்டை உரித்து வாயில் போட்டார். சுற்றிலும் பார்த்தார். கடையில் கத்தரிக்காய்க்கு நிற்கிற கூட்டமல்ல இது, தம் வாயைப் பார்த்து நிற்கிற கூட்டம் என்பது அவருக்கு மெல்ல உறைத்தது போலிருந்தது. குரலைச் செருமினார்.

“கோட்டக்குப்பத்துல பாருங்க, நடுரோட்ல ஆறு போலீசு.”

தணிகாசலத்தின் வாய் திறந்தது.

“ஆறு பேரும் துப்பாக்கி புடிச்சிக்கினு நிக்கிறான். எவனுக்காச்சும் நெஞ்சு நிமிருமா? எம் மாப்ள நிமிந்தாரு. சைக்கிளத் தூக்கி ஒரு வீசு…”

எம் மாப்ள. அந்தச் சொல் காதில் விழுந்த இடத்திலேயே தணிகாசலம் நின்றுவிட்டான். திறந்த வாயை மூடினான். சைக்கிளை வீசவில்லை, துப்பாக்கி கிடையாது, ஒரே ஒரு ஏட்டு, அவருக்கும் தொப்பை என்பதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போயின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோவிந்தராசு முழங்கையால் இடித்து, “நல்லா சொல்றாருடா!” என்றார் பொறாமையோடு.

கதை முடிந்து கூட்டம் கலைந்தது. பஞ்சநாதன் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவன் அருகில் வந்தார். பங்குனி ஏழாம் தேதி நாள் நன்றாக இருக்கிறது, அம்மாவிடம் சொல்லிவிடு என்றார். இரண்டடி போனவர் நின்று திரும்பினார்.

“அடுத்த ஞாயிறு எந்தப் பக்கம் போறோம் மாப்ள?”

தணிகாசலம் கடலைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டான்.

“பாகூர் மாமா.”

“அங்கதான அந்த எருமை?” என்றார் பஞ்சநாதன்.