டப்பாக்காரம்மாவின் வேண்டுதல்

அந்தத் தெருவில் டப்பாக்காரம்மா வீடு எது என்று கேட்டால், கேட்டவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. வீட்டுக்காரர் ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் பையை மாட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார். கட்டிக் கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட நாத்தனார் காய் நறுக்குவாள், டப்பா கழுவுவாள், அடுக்குவாள். அடுப்பு மட்டும் டப்பாக்காரம்மாவுடையது. அதன் பக்கம் இன்னொருத்தர் கரண்டியோடு வர அவள் விட்டதே இல்லை.

"அண்ணி, நான் கொஞ்சம் கிண்டவா?" என்று நாத்தனார் கேட்டால், "நீ வெங்காயத்தைப் பாரும்மா, இது என் தலைவலி" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் கரண்டி கைமாறாது.

அப்படி இருந்தவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் எல்லாருக்கும் வந்த காய்ச்சல்தான். எழுந்து உட்கார்ந்து, தலைக்கு ஊற்றி, மறுபடியும் அடுப்புக்கு வந்தாள். பால் பொங்கி, வழிந்து, அடி பிடித்துக் கருகும்வரை அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து சத்தம் போட்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, மூக்கு செத்துப்போய்விட்டது. உப்பை எடுத்து நாக்கில் வைத்தாள். மணலை வைத்த மாதிரி இருந்தது. சர்க்கரையும் அப்படித்தான். மிளகாயைக் கடித்தால் மட்டும் எரிந்தது. அது ருசி இல்லை, வலி.

காய்ச்சல் விட்டால் சரியாகிவிடும் என்று இருந்தாள். ஆகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கரண்டி யார் கைக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். ருசி தெரியாத சமையல்காரிக்கு அந்த வீட்டில் என்ன வேலை? டப்பாவுக்கு மூடி போடுகிற வேலை.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். கரண்டிக் கணக்கில் சமைத்தாள். இத்தனை பேருக்கு இத்தனை கரண்டி உப்பு, இத்தனை கை புளி. ஏன் முன்னைப் போல உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பதில்லை என்று யாரும் கேட்பதற்கு முன் அவளே சொல்லிவிட்டாள்.

"பையனுக்கு நல்ல வேலை கெடைச்சதுக்கு ஒரு வேண்டுதல். அடுப்புல இருக்கறதை நான் வாயில வைக்கறதில்ல. எறக்கி வச்சு, சாமி கும்பிட்டுட்டு, அப்புறந்தான் எல்லாம்."

பொய் சொல்லாத மனுஷர் உலகத்தில் இல்லை. ஆனால் சாமியைச் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சொல்கிற பொய் வேறு. அது சொன்னவரை உள்ளேயே அரிக்கும். அவளை அரித்தது. தினமும் சமையலை இறக்கி வைத்துவிட்டு, சாமி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள். "உன் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன், இருந்தாலும் இன்னிக்கு ஒரு நாள் என்னைக் காப்பாத்து" என்று மன்றாடுவாள். மனசு ஆறிய பிறகுதான் எழுந்து வருவாள். மதியம் போன டப்பாக்கள் சாயங்காலம் வழித்து நக்கினாற்போலத் திரும்பி வரும். "அம்மா, கைமணம்னா உங்களோடதுதான்" என்று ஆபீஸ்காரர்கள் சொல்லி அனுப்புவார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிடும். தன் கையைப் பிடித்துக்கொண்டு சாமிதான் சமைக்கிறது என்று நம்பினாள். ஒரு வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் நம்பினாள்.

இந்த நிலைமையில்தான் மகனும் மருமகளும் எல்லாரையும் கடலோர ஊர் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நல்ல ஓட்டல், ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். இரண்டாம் நாள் காலையில் மருமகள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அத்தை, கீழ தாய்லாந்து சமையல் வகுப்பு நடத்தறாங்க. நாமளே செஞ்சு நாமளே சாப்பிடலாம். எல்லாருக்கும் பேர் குடுத்துட்டேன்."

டப்பாக்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "லீவுல வந்தும் அடுப்பாம்மா? நீங்க போயிட்டு வாங்க, நான் கடலைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

"கடல் எங்கயும் ஓடிடாது அண்ணி" என்றாள் நாத்தனார். "இதைச் சொன்னதே நான்தான். வாங்க."

வகுப்பு ஓட்டலின் பின்பக்கத்தில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகையில் நடந்தது. ஆளுக்கொரு சின்ன அடுப்பு, ஒரு பலகை, ஒரு கத்தி. சொல்லிக் கொடுத்த டீச்சரம்மா பல வருஷம் தாய்லாந்தில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு வந்தவர், குண்டு உடம்பு, பெரிய சிரிப்பு. எல்லாருக்கும் காகிதத் தொப்பி கொடுத்தார்கள். வீட்டுக்காரர் தலையில் அது நிற்கவில்லை.

"மாமா, நீங்க தொப்பி போட்டா கல்யாண வீட்டு சமையல்காரர் மாதிரியே இருக்கீங்க" என்றாள் மருமகள்.

"சமையல்காரர் புருஷன்னு சொல்லும்மா. இத்தனை வருஷமா டப்பா தூக்கறவன்தானே."

முதலில் எலுமிச்சம்புல்லையும், இஞ்சி மாதிரி இருந்த ஒரு வெள்ளைக் கிழங்கையும் நசுக்கி முகரச் சொன்னார் டீச்சரம்மா. டப்பாக்காரம்மாவின் முறை வந்தது. ஆழமாக மூச்சை இழுத்தாள். வெறும் காற்று.

"எப்படி இருக்கும்மா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? எது மாதிரி?"

பக்கத்து அடுப்பிலிருந்து மருமகள், "எலுமிச்சம்பழத்தோல் மாதிரி" என்று முந்திக்கொண்டாள். "ஆமாமா, அதேதான்" என்று இவளும் சொல்லிவைத்தாள்.

அடுத்தது இறால் சூப். புளிப்பும் காரமுமாக இருக்க வேண்டிய சூப். எலுமிச்சைச் சாறு, மீன் சாறு, வெல்லத்தூள், மிளகாய் எல்லாம் சின்னக் கிண்ணங்களில் இருந்தன. எவ்வளவு போடுவது என்று கேட்டதற்கு டீச்சரம்மா கையை விரித்தார்.

"இங்க கரண்டிக் கணக்கே கெடையாது. புளிப்பு, உப்பு, இனிப்பு, காரம் நாலும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாம நிக்கணும். போடுங்க, ருசி பாருங்க, மறுபடி போடுங்க. உங்க நாக்குதான் தராசு."

டப்பாக்காரம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் அடுப்புல இருக்கறதை வாயில வைக்கறதில்லீங்க. வேண்டுதல்."

"சாமி கும்பிட்டா சாப்பிடலாம்தானே? இங்கயே ஒரு கும்பிடு போட்டுடுங்கம்மா, சாமி கோவிச்சுக்காது" என்றார் எதிர் அடுப்பில் நின்ற ஒரு பேங்க்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"சாமி விஷயத்துல நாம விளையாட வேணாம்" என்றார் டீச்சரம்மா. "அம்மாவுக்குப் பதிலா வேற யாராவது ருசி பாத்துச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் உடனே வந்தார். கேட்டு யோசித்து வரவில்லை, கை தட்டிக் கூப்பிட்டது போல வந்தார். கரண்டியால் துளி எடுத்துப் புறங்கையில் விட்டு நக்கினார். தலையை லேசாகச் சாய்த்தார். வலது கையை நீட்டினார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நாத்தனார் மீன் சாற்றுக் கிண்ணத்தை அந்தக் கையில் வைத்தாள். கொஞ்சம் ஊற்றினார். மறுபடி புறங்கை, மறுபடி நாக்கு. கை மறுபடி நீண்டது. இந்த முறை வெல்லத்தூள். அவர் அதைப் போட, நாத்தனார் கிண்டினாள். பேச்சே இல்லை. தறியில் இரண்டு பக்கமும் நின்று நெய்கிறவர்களைப் போல வேலை நடந்தது.

டப்பாக்காரம்மா அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனுஷன் தண்ணீர் கொதிக்க வைத்தே அவள் பார்த்ததில்லை. இவருக்குப் புறங்கையில் விட்டு ருசி பார்க்க எங்கே தெரியும்? எதற்கு அடுத்து எது வேண்டும் என்று நாத்தனாருக்கு எப்படித் தெரியும்? இது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. நாள் தவறாமல் செய்து செய்து கையில் ஊறின பழக்கம். எப்போது செய்திருக்க முடியும்? சமையலை இறக்கி வைத்த பிறகு. டப்பா கட்டுவதற்கு முன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு சாமியிடம் அழுதுகொண்டிருந்த நேரத்தில்.



எல்லார் கிண்ணத்தையும் வரிசையாக ருசி பார்த்துக்கொண்டு வந்த டீச்சரம்மா அவள் கிண்ணத்தில் நின்றார். இன்னொரு வாய் எடுத்தார். "இன்னிக்கு இதுதாங்க முதல். அம்மா, கைன்னா இது கை!" என்று சொல்லிக் கைதட்டினார். பேங்க்காரரும் தட்டினார்.

நாத்தனார் தட்டவில்லை. தொப்பியைக் கழற்றிப் பலகைமேல் போட்டாள்.

"எப்பவும் இப்படித்தான். வேலை என்னோடது, பேரு அண்ணியோடது."

"ஏய், சும்மா இரு" என்றார் வீட்டுக்காரர்.

"எத்தனை நாளைக்கு அண்ணா சும்மா இருக்கறது? ஒரு நாள் உப்பே இருக்காது, மறுநாள் வாயில வைக்க முடியாது. ரெண்டு பேரும் திருட்டுத்தனமா அவசர அவசரமாச் சரி பண்ணி, கதவு தெறக்கற சத்தம் கேட்டா கரண்டியை ஒளிச்சு வச்சு... நான் என்ன திருடியா? நல்லா இருக்குன்னு ஒருத்தராவது என்கிட்ட சொல்லியிருக்காங்களா?"

வீட்டுக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "அவ ஏதோ பேசறா. வேண்டுதல் இருக்கறதால நாங்க சும்மா ஒரு வாய் பாத்து..."

"வேண்டுதல் இல்லீங்க" என்றாள் டப்பாக்காரம்மா.

டீச்சரம்மா நல்ல மனுஷி. மற்றவர்களை இலை பறித்துக் காட்டுகிறேன் என்று தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"வேண்டுதல் இல்ல. காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எதுவுமே தெரியல. மணம், ருசி, எதுவும். நான் சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன்."

சொல்லிவிட்டு மகனைப் பார்த்தாள். அவன் அதிர்ந்து போவான், ஓடி வந்து கையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் கிண்ணத்துக்குள் குனிந்திருந்தான்.

"தெரியும்மா" என்றான். "எல்லாருக்கும் தெரியும். டப்பா வாங்கற ஆபீஸ்ல ஒருத்தர் உப்பே இல்லன்னு அப்பாவுக்கு போன் பண்ணினப்பவே தெரியும். உன் மனசு நோகும்னுதான் சொல்லல."

மருமகள் மெதுவாகச் சொன்னாள். "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே சின்னத்தை சமைக்கட்டும், நீங்க ஓய்வா இருங்கன்னு பேசி வச்சிருக்கோம். இங்க வந்து, நல்லபடியா இருந்து, சந்தோஷமா சொல்லலாம்னுதான் இந்தப் பயணமே."

அப்படியானால் இது உல்லாசப் பயணம் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு மாலை போட்டுப் பழம் கொடுத்து அனுப்புவார்களே, அது. மாலை போட்டுக்கொண்டவளுக்கு மட்டும் கடைசியில்தான் தெரிகிறது.

"எப்போ பேசினீங்க?" என்று கேட்டாள்.

மகன் மருமகளைப் பார்த்தான். அவளுக்கே தெரிந்துவிட்டது. அவள் சாமி அறையில் இருந்தபோதுதான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கரண்டியை நானே குடுத்திருப்பேன்" என்றாள்.

நாத்தனார் அவளை நேராகப் பார்த்தாள். "குடுத்திருப்பீங்களா அண்ணி?"

டப்பாக்காரம்மாவால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. கடவுளுக்குப் பயந்தவள். இரண்டாவது பொய் வாயில் வரவில்லை.

சூப்பை எல்லாரும் குடித்தார்கள். நன்றாக இருந்திருக்க வேண்டும். யாரும் மிச்சம் வைக்கவில்லை. அவளும் குடித்தாள், சூடாக இருந்தது.

மிச்ச நாட்கள் எப்படியோ ஓடின. கடலைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போட்டோவில் எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனார் சிரிப்புதான் கொஞ்சம் அதிகம், பாவம், அவளுக்கும் எத்தனை நாள் ஏக்கமோ.

ஊர் திரும்பிய மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்தது. அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். நாத்தனார் சேலையைச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். முகத்தில் புதுப் பெண்ணின் பரபரப்பு.

"நான் என்னம்மா செய்யட்டும்?"

"ஒண்ணும் வேணாம் அண்ணி. நீங்க போய் நிம்மதியா சாமி கும்பிடுங்க. இங்க நான் பாத்துக்கறேன்."

சாமி அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். விளக்கை ஏற்றினாள். வாய் திறந்தது, கேட்பதற்கு ஒன்றும் இல்லை. இன்றைக்கு ஒரு நாள் காப்பாற்று என்று யாரைக் காப்பாற்றச் சொல்வது? ஒரு வருஷம் அவள் சொன்ன நன்றியெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு பேருக்குப் போக வேண்டிய நன்றி. அது சாமிக்கும் தெரியும். எல்லாரும் தெரிந்துகொண்டு சும்மா இருந்தார்கள், நீயுமா என்று மனசுக்குள் வந்தது. அப்படிக் கேட்பது பாவம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

எரிகிற விளக்கை அப்படியே விட்டுவிட்டு, சீக்கிரமே எழுந்து கதவைத் திறந்தாள்.

கதவுச் சத்தம் கேட்டதும் அடுப்படியில் ஒரு கலவரம். நாத்தனார் சட்டென்று பாத்திரத்தை மூடினாள். வீட்டுக்காரர் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். புறங்கையில் ஒரு துளி அப்படியே நின்றது. மறைக்க இனிமேல் ஒன்றும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் பிறகுதான் உறைத்தது. கரண்டியை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் விழித்தார்.

டப்பாக்காரம்மா அவரைப் பார்க்கவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மூடிகளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, டப்பாக்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"ஊத்தி முடிச்சதை இந்தப் பக்கம் தள்ளும்மா" என்றாள்.