காலாட்படைக்கு மட்டும் எழுந்திருப்பவர்

“அந்தா வர்றாரே, அவரு சிக்னல்ஸ்” என்கிறார் சபாபதி, டீயை ஊதிக்கொண்டே. வருகிற அதிகாரி இன்னும் பஸ் நிறுத்தத்தையே தாண்டவில்லை. தொப்பியின் நிறம்கூடத் தெரியாத தூரம். “தலையை ஒருபக்கமாச் சாய்ச்சு நடக்கறதப் பாருங்கக்கா. யாரோ காதுல பேசிட்டே இருக்கற மாதிரி.” கிட்டே வந்ததும் சின்னத்தைப் பார்க்கிறோம். சிக்னல்ஸ்தான், தகவல் தொடர்புப் படை.

நீலகிரியில் ராணுவ ஊரான வெலிங்டன் கடைவீதியில், நெல்சனின் டீக்கடை பெஞ்சில், காலை ஏழரைக்குக் குரங்குக் குல்லாவோடு அவரைப் பார்க்கலாம். ராணுவ ஸ்டோரில் முப்பத்திரண்டு வருடம் சிவிலியன் குமாஸ்தா. இப்போது ஓய்வு. பயிற்சிக்கு வரும் அதிகாரிகள் எந்தப் பிரிவு என்று நடையை வைத்தே சொல்வதுதான் வேலை. பொறியாளர் படைக்காரர் பாலத்தில் கால் வைக்குமுன் அதன் அடியைக் குனிந்து பார்ப்பாராம். பீரங்கிக்காரரிடம் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டுமாம். டாங்கிக்காரர் ஆட்டுக்குக்கூட வழிவிட மாட்டாராம். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, பூட்ஸ் சத்தத்தை வைத்தே பதினோரு பேரைச் சரியாகச் சொன்னார். நான் எல்லோரிடமும் இருபது என்றுதான் சொல்லி வருகிறேன்.

எந்தப் பிரிவு அதிகாரி போனாலும் பெஞ்சைவிட்டு அசையமாட்டார். காலாட்படைக்காரர் வந்தால் மட்டும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். ஏன் என்று கேட்டால், “மத்தவங்களுக்கு வண்டி இருக்குதுங்க. நடந்தே போறவனுக்கு நாம நின்னாவது மரியாதை பண்ணோணுமில்ல?” என்பார்.

உண்மைக் காரணத்தை அவர் மனைவி தனபாக்கியம்தான் எனக்குச் சொன்னாள். ஒரே மகன் பாலன் அதிகாரிப் பயிற்சியில் இருந்தபோது, முடிகிற சமயத்தில், எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாக எழுதித் தரச் சொன்னார்களாம். காலாட்படையை முதலில் எழுதப்போகிறேன் என்று கடிதம் போட்டான். சபாபதி உடனே போன் செய்தார். “உங்கம்மா மூணு நாளாச் சோறு திங்கல கண்ணு. அது வேண்டாம்.” தனபாக்கியம் அப்போது அடுக்களையில் நாலாவது இட்லியில் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பாலன் உணவுப் பொருள் கொண்டுபோகும் சேவைப் பிரிவை முதலில் எழுதினான். கிடைத்தும்விட்டது. பயிற்சி நிறைவு அணிவகுப்பு முடிந்து, தோளில் நட்சத்திரத்தை மூடியிருந்த பட்டையைச் சபாபதி உருவியபோது, பையன் அம்மாவிடம் கேட்டான்: “இப்பவாச்சும் சாப்பிடறீங்களாம்மா?”

“நான் எப்பக் கண்ணு சாப்பிடாம இருந்தேன்?”

அதற்குப் பிறகு ஆறு வருடமாக, அப்பா எது கேட்டாலும் “சரிங்கப்பா” என்ற ஒரு சொல்லோடு பாலன் நிறுத்திக்கொள்கிறான். அது சண்டையாக இருந்திருந்தால் சபாபதி தாங்கியிருப்பார்.

இனிச் சொல்வதில் ஒரு பொய்யும் இல்லை. போன வியாழக்கிழமை நல்ல பனி. மேட்டில் ஓர் உருவம் ஏறி வந்தது.

“மூஞ்சியே தெரியல. இன்னைக்கு அண்ணன் தோத்தாரு” என்றான் நெல்சன்.

சபாபதி கண்ணைச் சுருக்கினார். “காலாட்படை. மேட்டுல மூச்சு வாங்குதா பாரு? முதுகுல மூட்டை இல்லாமயே குனிஞ்சு வர்றாப்ல. மலையில வருசக்கணக்கா நடந்த காலுடா அது.” டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

பனியிலிருந்து முதலில் கருநீலத் தொப்பி வந்தது. பிறகு சேவைப் பிரிவின் சின்னம். பிறகு பாலன். ஏதோ அலுவலாகப் பெங்களூரிலிருந்து வந்தவன், அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

“அண்ணே, தோத்தீங்க!” என்று நெல்சன் சிரித்தான். நான் அவனை முறைத்தேன்.

“என்னங்கப்பா, இந்தக் குளுருல?”

“நீ… எங்கடா இப்படி நடக்கப் பழகுன?”

பாலன் தான் ஏறி வந்த மேட்டைத் திரும்பிப் பார்த்தான். “முன்ன எல்லையில இருந்தப்பங்க. அங்க மேல ரோடு கிடையாதுங்கப்பா. கோவேறு கழுதையோட நாங்கதான் அரிசி கொண்டுபோகோணும். பனி சரிஞ்சா கழுதை நின்னுக்கும். நாங்க தூக்கிட்டுப் போவோம்.”

ஆறு வருடத்தில் அவன் அப்பாவிடம் பேசிய நீளமான பேச்சு அது.

“டீ ஆறுதுங்கப்பா. உக்காருங்க.”

சபாபதி குரங்குக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உட்காரவில்லை.